டெல்டாவிலிருந்து ராப் பாட வருகிறவர்களுக்கு: மாத்திரை, மூச்சு, மைக்செட், உரிமை

மலேசியாவின் யோகி பி, கோவையின் ஹிப்ஹாப் தமிழா ஆதி, அரக்கோணத்தின் அறிவு. இந்த மூன்று ராப் பாடகர்களையும் சினிமா தேடி வந்தபோது அவர்கள் கையில் சொந்தப் பாட்டு இருந்தது. யோகி பி, நட்சத்ரா குழுவின் தமிழ் ஆல்பம் 2006-இல் வந்தது. படப்பாட்டு அதற்கு அடுத்த ஆண்டுதான். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இருந்து பழகுகிறவர் வாய்ப்புத் தேடிச் சென்னைக்குப் பஸ் ஏறும் முன், மேடையில் முழுதாகப் பாடத் தன் பாட்டு 3 வைத்திருக்க வேண்டும்.

முதல் பாடம் மாத்திரை. 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 அடி விழும் பீட்டில், ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) 4 அடி, அடிக்கு 4 கட்டம், ஆக 16 கட்டம். 16 பார் பாட ஏறக்குறைய 43 விநாடி ஆகும். எழுத்தை எண்ணாதீர்கள், கட்டத்தை எண்ணுங்கள். தனிக்குறிலுக்கு 1, நெடிலுக்கும் ஒற்றோடு வரும் குறிலுக்கும் 2. ‘ஆத்துல தண்ணி வந்தாச்சு’ என்பதில் ஆத்துல 4, தண்ணி 3, வந்தாச்சு 5, மொத்தம் 12. மீதி 4 கட்டம் மூச்சுக்கு. பலர் 16 கட்டத்தையும் சொல்லால் அடைத்துவிட்டு, மூன்றாவது பாரிலேயே திணறுகிறார்கள். திணறும்போது நெடில் குறுகும். ‘பாடம்’ ‘படம்’ ஆகிவிடும், கேட்பவருக்குப் பொருளே மாறிப்போகும்.

இதற்கு நம் ஊரைப் போல வாய்ப்பான இடம் வேறில்லை. திருவாரூர், தஞ்சாவூர்ப் பக்கம் தவில் படிக்கிற ஒருவரிடம் சொற்கட்டு கேட்டுப் பழகுங்கள். முதலில் தகதிமி நான்கு முறை. அடுத்து தகிட நான்கு முறை சொல்லித் தகதிமியில் முடிப்பது: 3+3+3+3+4. பிறகு 5+5+6: தகதகிட, தகதகிட, தகதிமிதக. எல்லாம் அதே 16-தான், ஆனால் அழுத்தம் விழும் இடம் நகர்கிறது. ராப்பில் ‘ஃப்ளோ’ என்பது இதுதான். 70 பிபிஎம்மில் தொடங்கி, பிசகாமல் மூன்று முறை வந்த பிறகே 5 கூட்டுங்கள்.

இயைபு, அதாவது வரிகளின் முடிவு ஒரே ஒலியில் வருவது, தமிழில் மலிவு. வர்றான், போறான், பாக்குறான் என்று எத்தனை வரி வேண்டுமானாலும் முடிக்கலாம், காது சலித்துவிடும். எதுகையை நடு அடியில் வையுங்கள், மோனையைப் பார் தொடங்கும் இடத்தில். மதகு, நாத்தங்கால், கடைமடை என்று நீங்கள் பேசி வளர்ந்த சொற்கள் வரட்டும். வேதாரண்யத்துக்காரர் வடசென்னைப் பேச்சில் பாடினால் அது ஒட்டாது.

பதிவுக்கு: ஃபேனை நிறுத்துங்கள், சுவரில் போர்வை தொங்கவிடுங்கள், மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். ‘ப’ வெடித்தால் மைக்கைச் சற்றுச் சாய்த்தால் போதும்.

திருவிழா மேடையில் கெடுப்பது பெரும்பாலும் எக்கோ. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல் மேல் விழுந்து எல்லாம் கூழாகும். மைக்செட்காரரிடம் முன்கூட்டியே, பணிவாக, ‘அண்ணே, என் பாட்டுக்கு மட்டும் எக்கோவை நிறுத்திடுங்க’ என்று சொல்லிவையுங்கள். பென்டிரைவில் குரல் இல்லாத டிராக்கை எம்பி3, வேவ் இரண்டிலும் கொண்டுபோங்கள்; சில பிளேயர் வேவ் வாசிக்காது.

அடுத்தது உரிமை. இதில் கோட்டை விடுகிறவர்களைப் பார்க்கத்தான் மனசு தாங்குவதில்லை. யூடியூபில் ‘ஃப்ரீ பீட்’ என்று கிடைப்பது பெரும்பாலும் பழகிப் பார்க்க மட்டுமே. லைசென்ஸ் வாங்காமல் வெளியிட்டால், பாட்டு ஓடும்போது கிளெய்ம் (உரிமை கோரல்) வந்து வருமானம் பீட்காரருக்குப் போய்விடும். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்குப் பாட்டை அனுப்ப, வெளியீட்டுக்கு முன்பே அது அங்கே ஏறியிருக்க வேண்டும்; குறைந்தது 7 நாள் முன்பே என்றால் நல்லது. பாட்டை அங்கே ஏற்றித் தருகிற விநியோகஸ்தரிடம் 3 வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

படத்துக்கு எழுதக் கேட்டால் ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது வரும் ராயல்டியில் எழுதியவருக்குள்ள பங்கைத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. அந்தப் பணம் கைக்கு வர, ராயல்டியை வசூலித்துத் தரும் அமைப்பான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் உங்கள் பெயரில் பதிவு செய்ய வேண்டும்.