26 ஞாயிறுகளுக்குப் பிறகு எங்கள் ஆலயம் திறந்தபோது

2020 மார்ச் 15 அன்று ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல வாசலில் நின்று பேசிவிட்டுக் கலைந்தோம். அடுத்த ஞாயிறு கொரோனாவுக்காக மக்கள் ஊரடங்கு. அப்புறம் குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி எல்லாம் ஆலயம் பூட்டிக் கிடக்கும்போதே வந்து போயின. எங்களுடையது திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். ஈஸ்டர் அன்று விடிகாலை நாலு மணிக்கு மணி அடித்தால் ஊரே எழும்பி ஆலயத்துக்கு வரும். அந்த ஏப்ரல் 12 அன்று ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை மட்டும் போய் மணி அடித்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு வந்தார். நாங்கள் அவரவர் வீட்டில் முழங்காலில் நின்றோம்.

ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், வாட்ஸ்அப்பில் பிரசங்கம் அனுப்பினார். ஆனால், எங்கள் சபையில் பெரியவர்கள் பலரிடம் அதைக் கேட்கிற போன் கிடையாது. ஜூலை, ஆகஸ்ட் ஞாயிறுகளில் தளர்வே இல்லாத முழு ஊரடங்கு என்பதால் வீடு தேடிப் போய் ஜெபிக்கவும் வழியில்லை.

தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களையும் செப்டம்பர் 1 முதல் திறக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. 6ஆம் தேதியே ஆராதனை வைக்க வேண்டும் என்று கமிட்டியில் சிலர் ஒற்றைக்காலில் நின்றார்கள். அவர்கள் ஏக்கம் எனக்கும் இருந்தது. ஆனாலும் இரண்டு வாரம் பொறுப்போம் என்றேன். சத்தம் கூடிப்போனது. கடைசியில் ஐயர் 20ஆம் தேதி என்று முடிவு சொன்னார். அந்த இரண்டு வாரம் கேட்டதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை, ஏனென்றால் வேலை அவ்வளவு இருந்தது.

ஜூன் 4 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிமுறையைக் கையில் வைத்துக்கொண்டு அளந்தோம். ஆளுக்கு ஆள் 6 அடி. எங்கள் பெஞ்சு 10 அடி நீளம், ஆகவே ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேர், அதுவும் ஒரு பெஞ்சு விட்டு ஒரு பெஞ்சு. 24 பெஞ்சில் 24 பேர்தான்! வெளியே வேப்பமரத்தடியில் 30 நாற்காலி போட்டோம். 110 குடும்பங்களைத் தெரு வாரியாகப் பிரித்து, காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இரண்டு ஆராதனை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று வைத்தோம். நடுவில் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு பெஞ்சுகளைத் துடைத்தோம். காணிக்கைப் பை சுற்றி வராமல் வாசலில் பெட்டி. பைபிளை அவரவர் கொண்டுவர வேண்டும். அப்பமும் திராட்சை ரசமும் பகிர்கிற திருவிருந்தைத் தள்ளி வைத்தோம்.

இதெல்லாம் கைவேலை, செய்துவிடலாம். 65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்றும் அந்த வழிமுறையில் இருந்தது. ஆலயம் எப்போது திறக்கும் என்று ஆறு மாதமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவர்களே அவர்கள்தான். வீடு வீடாகப் போய், திண்ணைக்கு வெளியே நின்று, நானே சொன்னேன். 78 வயது எதிர்வீட்டுப் பெரியம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் கோயில்பிள்ளைதான், சபையார் சேர்ந்து சாப்பிடும் அசன பண்டிகைக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரைக் கோபுரத்தில் கட்டலாமே என்றார்.

20ஆம் தேதி பாடகர் குழு இல்லை. சேர்ந்து பாடக் கூடாது, பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிடலாம் என்பது விதி. முதல் கீர்த்தனை ஒலித்தபோது மாஸ்க்குக்கு மேலே எல்லார் கண்ணும் கலங்கியிருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. பாடாமல் நின்ற அந்த ஐந்து நிமிடம்தான் அன்றைய ஆராதனையில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

முடிந்து வெளியே வந்தேன். பெரியம்மா வெள்ளைச் சேலை உடுத்தி, மடியில் பைபிளோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "யய்யா, அடுத்த வாரம் அந்தக் குழாயைக் கொஞ்சம் எங்க வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டச் சொல்லு" என்றார்.