இரவு பத்து மணிக்கு சார்ட் பேப்பர்

ஒன்பதாவது படிக்கும் என் மகனுக்குப் பாடம் புரியாத பிரச்சினை கிடையாது. முடித்த வீட்டுப்பாடத்தை மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போவான். நாளைக்குக் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்டுக்கு இன்று இரவு பத்து மணிக்கு சார்ட் பேப்பர் கேட்பான். 'பொறுப்பே இல்லை' என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்லி அலுத்த பிறகு, வகுப்பாசிரியர் சொன்னதன் பேரில் மதுரையில் ஓர் உளவியலாளரிடம் போனோம்.

முதலில் சில சோதனைகள். 'பச்சை' என்ற சொல் சிவப்பு மையில் இருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். 1935இல் ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை. நானும் முயன்றேன், நாக்கு குழறியது. அப்புறம் எண்களைக் கேட்டுத் தலைகீழாகச் சொல்வது. வாய்வரை வந்ததை அடக்குவது, கேட்டதை மனத்தில் பிடித்துவைத்து வேலை செய்வது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது, இந்த மூன்றும்தான் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷனுக்கு, அதாவது திட்டமிட்டு ஒரு வேலையைச் செய்து முடிக்க வைக்கும் மூளைத் திறனுக்கு, அடித்தளமாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதிக்கு இதில் பெரிய பங்கு. அது முழுதாக முதிர இருபது வயது தாண்டிவிடும். "திட்டுங்க, ஆனா அதைப் பயிற்சின்னு நினைச்சுக்காதீங்க" என்றார்.

மூளைப் பயிற்சி ஆப் ஒன்றுக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்டேன். விளையாட்டில் ஸ்கோர் ஏறும், அது பள்ளிப் பை வரைக்கும் வந்து சேருவது அரிது என்றார். ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில் லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி ஆப்பின் நிறுவனம் 2016இல் அமெரிக்க அரசு அமைப்புக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டதாம்.

எனவே பயிற்சி பள்ளிப் பையிலேயே தொடங்கியது. எல்லாம் சரியாக எடுத்துக்கொண்ட ஒரு காலையில் வாசலில் நிற்க வைத்து ஒரு போட்டோ: பை, டிஃபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஐடி கார்டு. அதை ஷூ ஸ்டாண்டுக்கு மேலே ஒட்டினோம். "டிஃபன் எடுத்தியா, ஐடி கார்டு எங்க" என்று நான் அடுக்கக் கூடாது. "படத்துல இருக்கிற மாதிரி இருக்கியா?" என்று மட்டும் கேட்க வேண்டும். வாயை அடக்கும் பயிற்சி எனக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

ப்ராஜெக்டுகளுக்கு, கொடுக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி ஒயிட்போர்டில் எழுதினான். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்ற அவன் கணக்கு ஒரு பக்கம், உண்மையில் ஆனது பக்கத்திலேயே. இந்திய நதிகள் வரைபடத்துக்கு அரை மணி நேரம் என்று போட்டிருந்தான். ஒன்றரை மணி நேரம் ஆனது. இத்தனை வருடம் நான் சொன்னதைவிட அந்த இரண்டு எண்கள் அவனிடம் எடுபட்டன.

'ஒழுங்காகப் படிப்பேன்' போன்ற உறுதிமொழிகளை அவர் ஏற்கவில்லை. 'ட்யூஷன் முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும் டைரியைத் திறப்பேன்' என்று ஒன்றோடு ஒன்றை முடிந்து எழுதச் சொன்னார். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நிறைய ஆராய்ந்த முறை இது. எங்களுக்குப் பலன் தந்தது. ஸ்டிக்கர் ஒட்டிப் பரிசு கொடுப்பதுதான் சுத்தமாக எடுபடவில்லை. "நான் என்ன எல்கேஜியாம்மா?" என்று கேட்டுவிட்டான்.

இப்போது மாதம் ஒரு தடவைதான் போகிறோம். தேர்வு நெருங்கினால் பழைய குளறுபடி கொஞ்சம் திரும்புகிறது. அப்போது ஒயிட்போர்டும் திரும்ப வரும். அவன் அப்பா ஒரு தடவைகூட அங்கு வரவில்லை, இன்றும் வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். போகிறவர்கள் இரண்டு பேருமாகவே போங்கள்.