துரை பங்களா நாற்காலிக்கு விலை கேட்டு அலைந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பழைய நாற்காலி இருந்தால், அதன் மதிப்பு தெரியும்வரை யாரையும் அதில் கைவைக்க விடாதீர்கள். எங்கள் ஊர் ஆசாரி நல்ல மனசோடுதான், "மணல்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துத் தருகிறேன், புதுசாகிவிடும்" என்றார். நல்லவேளை, தடுத்துவிட்டேன்.

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கம் டேனிஷ்காரர்கள் 1906-இலேயே தோட்டம் போட்டுவிட்டார்கள். தாத்தா அந்தத் தோட்டமொன்றில் பங்களா சமையல்காரர். துரை ஊர் திரும்பும்போது சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா காலமான பிறகு சாமான்களைப் பிரித்தபோது யாரும் அதைச் சீண்டவில்லை. தங்கை மகன் போனில் எதையோ தேடிப் பார்த்து, "மாமா, இது டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் டிசைன், விஷ்போன் நாற்காலி" என்று சொன்னதும்தான் எல்லாருக்கும் பாசம் பொங்கியது. மலேசியாவில் 1991-லேயே மரணச் சொத்து வரியை எடுத்துவிட்டார்கள், அதனால் அரசாங்கத்துக்கு இதன் மதிப்புக் கணக்கு வேண்டாம். பங்கு பிரிக்க அண்ணனுக்குத்தான் வேண்டும்.

டவுனில் பழைய சாமான் கடை தவுக்கே (முதலாளி) மேலாகப் பார்த்துவிட்டு 80 வெள்ளி (ரிங்கிட்) என்றார். "கஃபேயில் எல்லாம் இதேதான், நகல்." அவரையும் குறை சொல்ல முடியாது. 1949-இல் வரைந்து 1950-இல் தயாரிக்கத் தொடங்கிய நாற்காலி இன்றும் தயாராகிறது, நகல்களுக்குக் கணக்கே இல்லை. போதாததற்கு, பெரியம்மா ஒரு காலத்தில் இருக்கையை நீல நைலான் கயிற்றால் பின்னி வைத்திருந்தார்.

கோலாலம்பூர் கடை விஷயத்தில்தான் இன்னும் ஆறவில்லை. போனில் விவரமெல்லாம் கேட்டுவிட்டு "கொண்டு வாங்க" என்றார்கள். வேன் பிடித்து, போர்வை சுற்றிக் கொண்டுபோனால், கவுண்டரில் இருந்தவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "நாங்கள் சீன, பெரானாக்கான் (இங்கேயே வேரூன்றிய சீனர்) சாமான்தான் எடுப்போம்." இதைப் போனிலேயே சொல்ல என்ன கேடு? டோல் காசும் எண்ணெய்க் காசும் போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் தெரிந்தது, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அலையவே வேண்டாம். டேனிஷ் சாமான் விற்கும் ஏல நிறுவனங்கள் பல, படம் பார்த்தே இலவசமாக மதிப்புச் சொல்கின்றன. ஆனால் முன்பக்க அழகை எடுத்து அனுப்பிப் பயனில்லை, நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தபோது இருக்கைச் சட்டத்தின் அடியில், அழுக்குக்குள், தயாரித்த கார்ல் ஹான்சன் பெயரும் ஓடென்ஸ், டென்மார்க் என்றும் சுட்ட முத்திரை இருந்தது. தவுக்கேயும் பார்க்கவில்லை, கோலாலம்பூர்க்காரரும் பார்க்கவில்லை! அதைக் காய்ந்த துணியால் மட்டும் துடைத்தேன். மேல் வளைவையும் படம் எடுங்கள். அசலில் அது நீராவியில் வளைத்த ஒரே கட்டை, மலிவு நகல்களில் ஒட்டுத் தெரியும். அளவுகள், விரிசல், கரையான் அரித்த இடம் எதையும் மறைக்க வேண்டாம். துரை கொடுத்த கதையையும் எழுதினேன். அதற்கு எழுத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள், இல்லை.

அசல்தான் என்று பதில் வந்தது. நைலான் பெரிய குற்றமில்லையாம். அசல் இருக்கையைப் பின்னும் காகிதக் கயிறு எப்படியும் தேயும், மாற்றிக்கொள்ளலாம். மரத்தின் மேல்பூச்சு கெடாமல் இருந்ததுதான் முக்கியம். ஒற்றை நாற்காலி என்பதால் விலை குறைவு, செட்டாக இருந்தால் வேறு கணக்கு. "மற்றதெல்லாம் எங்கே?" என்று அண்ணன் என்னையே முறைத்தார். நான் என்ன, பங்களாவிலா குடியிருந்தேன்?

அண்ணன் இணையத்தில் காட்டிய விலைகளெல்லாம் விற்பவர் கேட்கும் விலை. ஏலத்தில் முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள், தலைசுற்றல் நின்றுவிடும். அதிலும் கமிஷன் போகும், டென்மார்க் வரைக்கும் கப்பல் கூலி போகும். கடைசியில் மதிப்பீட்டில் சொன்ன குறைந்தபட்ச விலையிலிருந்து கமிஷனைக் கழித்து, அண்ணன், தங்கை பங்கைக் கொடுத்து நானே வைத்துக்கொண்டேன். இருவரிடமும் கையெழுத்து வாங்கியாயிற்று.

இருக்கைக்குக் காகிதக் கயிறு சுமார் 120 மீட்டர் வேண்டும். கயிறு வரவழைத்துக்கொள்வேன். ஈப்போ பக்கம் அதைப் பின்னத் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள்.