எரிச்சல் அடங்கிய பிறகு

நரம்பு பாதிப்போடு வருபவர்களிடம் நான் பல ஆண்டுகள் முதலில் கேட்ட கேள்வி, "பத்துக்கு எத்தனை வலி?" என்பதுதான். நோயாளி சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்வேன். அடுத்த முறை அந்த எண் இறங்கியிருந்தால், சிகிச்சை பலிக்கிறது என்று எழுதுவேன். இயன்முறை சிகிச்சையாளராகப் பணியில் சேர்ந்த புதிதில் எனக்குப் பழக்கப்பட்ட முறை அது. அதில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்.

பதினைந்து ஆண்டு நீரிழிவு அவருக்கு. இரு பாதங்களிலும் தீயை மிதித்தது போன்ற எரிச்சல். முதல் நாள் எட்டு என்றார். மருத்துவர் பிரிகாபலின் என்ற நரம்பு வலி மருந்தைத் தொடங்கினார். ஆறு வாரம் கழித்து மூன்று என்றார். 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். காலுறையைக் கழற்றச் சொல்லவில்லை. பத்து நாளில் நெற்றியில் தையலோடு திரும்பி வந்தார். காலையில் முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடியதும் அப்படியே சரிந்து, கைகழுவும் தொட்டியின் விளிம்பில் மோதியிருக்கிறார். "தலைசுற்றல்னு நினைச்சேன் தம்பி" என்றார். அன்றுதான் காலுறையைக் கழற்றிப் பார்த்தேன். பெருவிரலின் அடியில் தடித்த காய்ப்பு. அதற்குள் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி. காய்ப்புக்குக் கீழே இரத்தம் கசிந்திருந்தது. இன்னும் சில நாள் அதே செருப்போடு நடந்திருந்தால் அது புண்ணாக வெடித்திருக்கும். எத்தனை நாளாக அது இருந்தது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முன்னேற்றம் என்று நான் எழுதிய நாளிலேயே அது அங்கே இருந்திருக்கக்கூடும்.

நரம்பு பாதிப்புக்கு இரண்டு முகங்கள் உண்டு. சேதமடைந்த மெல்லிய இழைகள் காரணமில்லாமல் துடிப்பதால் எரிச்சலும், ஊசி குத்துவது போன்ற வேதனையும் வருகின்றன. இந்த முகம் நோயாளியைத் தூங்கவிடாது, மருத்துவரிடம் ஓடவைக்கும். மற்றொரு முகம் சத்தமே போடாது. தடித்த இழைகள் மெல்லச் செயலிழக்கும்போது, அதிர்வும் அழுத்தமும் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வும் மங்கிப் போகின்றன. "பஞ்சில் நடப்பது போல இருக்கிறது", "செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை" என்று நோயாளிகள் போகிற போக்கில் சொல்வது இதைத்தான். பிரிகாபலின், காபாபென்டின், டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் துடிப்பைத் தணிக்கும். அறுந்துபோன செய்தியைத் திரும்பக் கொண்டுவர மாட்டா. எண் எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கியபோது ஆசிரியரின் முதல் முகம் மட்டும்தான் அடங்கியிருந்தது.

இந்த மருந்துகள் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. இரவெல்லாம் எரிச்சலில் விழித்திருந்தவரிடம் காலையில் பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வது இரக்கமற்ற செயல். ஆனால் மயக்கமும் தள்ளாட்டமும் இதே மருந்துகளின் பக்கவிளைவுகள் என்பதால், பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கு அளவைக் கூட்டும்போது, அவர் எப்படி நடக்கிறார் என்பதையும் யாராவது பார்த்தாக வேண்டும்.

வலியைத் தாண்டிய சிகிச்சை காரணத்தைத் தேடுவதில் தொடங்குகிறது. நீரிழிவு இருக்கிறது என்பதாலேயே நரம்பு பாதிப்பு முழுவதும் அதனால் வந்தது என்று முடிவுகட்டுவது மிக எளிது. நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். தைராய்டு குறைவு, மது, காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியாசிட், வின்கிரிஸ்டின், பேக்ளிடாக்செல் போன்ற புற்றுநோய் மருந்துகள் என்று காரணங்கள் பல. என்னிடம் கால் எரிச்சலுக்காக அனுப்பப்பட்ட நடுவயதுப் பெண்மணி ஒருவர், முதல் நாள் நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றினார். மூன்றாவது வாரம் ஊன்றியும் எழ முடியவில்லை. நீரிழிவால் வரும் பாதிப்பு விரல் நுனியில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் மெல்ல மேலேறும். தொடைத் தசை இவ்வளவு விரைவாகத் தளர்வது அதன் வழக்கம் அல்ல. பயிற்சியை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். நரம்பின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் நாட்பட்ட அழற்சி நோய் என்று கண்டறிந்து, இரத்தக் குழாய் வழியாக இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செலுத்தினார்கள். இரண்டு மாதம் கழித்து அவர் கையை ஊன்றாமல் எழுந்தார். அந்த நோயைப் பிடிக்க உதவியது எந்த விலையுயர்ந்த கருவியும் அல்ல, ஒரு நாற்காலி.

இதற்கு நேர்மாறாக, காரணம் தேடாமலே எல்லோருக்கும் 'நரம்புச் சத்து மாத்திரை' எழுதிக் கொடுக்கும் வழக்கம் எனக்குக் கவலை தருகிறது. பி12 குறைந்தவருக்கு அது மருந்து. ஆனால் அந்தக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் பி6 அதிக அளவில் நீண்ட நாள் உடலில் சேர்ந்தால், அதுவே நரம்பைக் கெடுக்கும். சத்துதானே என்று கேள்வி கேட்காமல் விழுங்குவதால் இதை யாரும் கவனிப்பதில்லை.

சர்க்கரைக் கட்டுப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் வகை நீரிழிவில் தீவிரக் கட்டுப்பாடு நரம்பு பாதிப்பைப் பெருமளவு தடுக்கும் என்பதை 1993-இல் வெளிவந்த டிசிசிடி ஆய்வு நிறுவிவிட்டது. இரண்டாம் வகையில் அந்தப் பலன் குறைவு. பலருக்கும் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். நெடுநாள் ஏறியிருந்த சர்க்கரையை மிக வேகமாக இறக்கினால், அதாவது சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி மூன்று மாதத்துக்குள் 2 சதவீதப் புள்ளிக்கு மேல் குறைந்தால், சிலருக்குக் கடுமையான நரம்பு வலி புதிதாகக் கிளம்பும். இவ்வளவு கட்டுப்பாட்டாக இருந்தும் வலி வந்ததே என்று மனம் உடைந்து மருந்தையே விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி நேரலாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆசிரியருக்கு வருகிறேன். நாம் நிமிர்ந்து நிற்பது கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றின் துணையால். பாதம் பேசாமல் போனால் கண் அதன் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. முகம் கழுவக் கண்ணை மூடும் அந்த நொடியில் இரண்டும் இல்லாமல் போகின்றன. 10 கிராம் மோனோஃபிலமென்டை, அந்த நைலான் இழை வளையும்வரை, அவர் பாதத்தில் பத்து இடங்களில் அழுத்தினேன். மூன்று இடங்களில்தான் தெரிகிறது என்றார். அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்தபோது, "வச்சுட்டீங்களா?" என்று கேட்டார். பாதங்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னால் நான்கு விநாடியில் சாய்ந்தார்.

சுவர்கள் சேரும் மூலையில், எதிரே நாற்காலி போட்டு, விழுந்தாலும் தாங்கும் இடத்தில் தொடங்கினோம். முதலில் கண்ணைத் திறந்துகொண்டு பாதங்களைச் சேர்த்து நிற்பது. பிறகு தலையை இருபுறமும் திருப்புவது. பிறகு ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொட நிற்பது. கடைசியில்தான் கண்ணை மூடுவது. கணுக்காலை மேலே தூக்கும் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் தனிப்பயிற்சி. நரம்பு மீளாவிட்டாலும், மிச்சமிருக்கும் சிறு உணர்வையும் இடுப்பின் அசைவையும் கொண்டு சமாளிக்க மூளை கற்றுக்கொள்கிறது. உணர்வற்ற பாதத்தோடு நடக்கவே கூடாது என்று தடுத்த காலம் ஒன்று இருந்தது. தகுந்த காலணியோடும் அன்றாடப் பரிசோதனையோடும் நடக்கலாம் என்பதே இன்றைய நிலை. பயிற்சியால் தோலின் நரம்பு இழைகள் புதிதாகக் கிளைப்பதையும் சில சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன.

பாதத்தைக் காப்பதில் நாம் தொழுநோய் மருத்துவத்துக்குக் கடன்பட்டிருக்கிறோம். வலியில்லாத கை கால்கள் அழுகி விழுவதில்லை, உணராமல் திரும்பத் திரும்பக் காயப்படுவதால்தான் அழிகின்றன என்று காட்டியவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழும் மிதமான அழுத்தமே போதும். வலி உள்ளவர் தன்னையறியாமல் நடையை மாற்றி அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்வார். வலி இல்லாதவர் அதே இடத்திலேயே மிதித்துக்கொண்டிருப்பார். ஆசிரியரின் காய்ப்பைச் சீவி, அந்தப் புள்ளியின் மேல் எடை விழாதபடி காலணியின் உட்தளத்தைக் குடைந்து கொடுத்தோம். காலணிக்குள் கைவிட்டுப் பார்த்த பிறகே கால் நுழைப்பது, தண்ணீரின் சூட்டைப் பாதத்தால் அல்லாமல் முழங்கையால் சோதிப்பது, கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது என்று பழக்கங்களும் மாறின. இரண்டு பாதங்களின் ஒரே இடத்தில் வெப்பம் 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் வேறுபட்டு, அது தொடர்ந்து நீடித்தால், புண் வெளியே தெரியும் முன்பே அங்கே அழற்சி தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இரவு நேரத்துக்கும் தனி வைத்தியம் தேவைப்படுகிறது. போர்வை பட்டாலே துடிப்பவர்களுக்குக் கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் போர்வையை விரிக்கச் சொல்வேன். பாதத்தை எதுவும் தொடாது. பகலில் பஞ்சு, பட்டு, துண்டு என்று மென்மையிலிருந்து சொரசொரப்புக்குப் படிப்படியாகப் போய், தொடுதலைத் தாங்கப் பழக்குவோம். தோலுக்கு மேல் தரும் மின்தூண்டலும் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தடவிய ஒட்டுப்பட்டையும் சிலருக்கு உதவுகின்றன. எதற்கும் கட்டுப்படாத வலிக்குத் தண்டுவடத் தூண்டல் கருவிகளும் இருக்கின்றன. அவை எல்லோருக்கும் உரியவை அல்ல.

இப்போது நான் முதலில் கேட்பது, "எதைச் செய்வதை விட்டுவிட்டீர்கள்?" என்பதை. இருட்டிய பிறகு வெளியே போவதை விட்டுவிட்டேன் என்பார் ஒருவர். பேரக்குழந்தையைத் தூக்குவதை விட்டுவிட்டேன் என்பார் இன்னொருவர், தூக்கியபடி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில். சிகிச்சைத் திட்டம் அந்தப் பதிலிலிருந்துதான் பிறக்கிறது.

ஐந்து மாதம் கழித்து ஆசிரியர் கண்ணை மூடி இருபத்திரண்டு விநாடி நின்றார். அன்று இசைக்கவையை மறுபடியும் பெருவிரலில் வைத்தேன், அப்போதும் தெரியவில்லை. "அப்போ நரம்பு சரியாகலையா தம்பி?" என்று கேட்டார். "இல்லை சார்" என்றேன். சிறிது நேரம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலணியை எடுத்து, உள்ளே கைவிட்டு நுனிவரை தடவிப் பார்த்துவிட்டு அணிந்துகொண்டு, "அடுத்த தடவை முப்பது எண்ணலாம்" என்று எழுந்தார்.