தொழுகிறவர்கள் யாருமில்லாத பாடம்

"சார், நீங்க சொன்னதுல தொழுகிறவங்க யாருமே இல்லையே சார்."

வகுப்பு முடிய மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போது அந்தப் பெண் கேட்டது இவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் சொன்னேன்: "ஆவணத்துல இருக்கறதைத்தான் நாம பேச முடியும்மா. மனசுக்குள்ள இருக்கறது வரலாற்றுக்கு வராது." தலையாட்டிவிட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அவள் மறுத்துப் பேசியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். எழுதிக்கொண்டதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

விடுதலைக்குப் பிந்தைய நாடுகளில் இஸ்லாமும் அரசும் என்ற பாடத்தை நான் எப்போதும் ஒரே திசையில்தான் நடத்துவேன். பாகிஸ்தானில் 1949 மார்ச்சில் பிரதமர் லியாகத் அலி கான், வரப்போகும் அரசியல் சட்டம் இஸ்லாமிய நெறிகளைத் தழுவ வேண்டும் என்ற குறிக்கோள் தீர்மானத்தைக் கொண்டுவருகிறார். ஜின்னா இறந்து ஆறு மாதம். அரசியல் சட்டம் இன்னும் இல்லை. கிழக்கு, மேற்கு என்ற இரண்டு பகுதிகளுக்கும் நடுவே இந்தியா கிடக்கிறது, மொழியும் வேறு. கட்டிப்போட ஒரு கயிறு தேவைப்பட்டது என்பேன். 1974-இல், தங்களை முஸ்லிம்களாகவே கருதும் அகமதியா பிரிவினரை முஸ்லிம் அல்லாதவர்கள் என்று சட்டமாக்கியது சோஷலிசம் பேசிய பிரதமர் பூட்டோ. தெருவில் எழுந்த எதிர்ப்பைச் சமாளிக்க. 1979-இல் ஹுதூது என்னும் இஸ்லாமியத் தண்டனைச் சட்டங்களைக் கொண்டுவந்த சியா உல் ஹக், ஆட்சியைக் கவிழ்த்து வந்தவர், நியாயம் தேடினார். எகிப்தில் 1980-இல் ஷரீஅத்தின் கோட்பாடுகள் சட்டத்துக்கு 'ஒரு முக்கிய ஆதாரம்' என்று இருந்ததை 'முதன்மை ஆதாரம்' என்று மாற்றினார்கள். அதே திருத்தத்தில்தான் அதிபர் எத்தனை முறை வேண்டுமானாலும் பதவிக்கு வரலாம் என்றும் ஆனது. இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். எனக்கும் அது பிடிக்கும். வங்கதேசத்தில் 1988-இல் இஸ்லாமை அரசு மதமாக்கிய எர்ஷாத் ராணுவத் தளபதியாக இருந்தவர் என்று முடிப்பேன்.

ஏன் இப்படி நடத்துகிறேன் என்று கேட்டால் என்னிடம் காரணம் உண்டு. அதை இன்றும் கைவிடத் தயாராக இல்லை. வகுப்புக்குள் வரும்போதே 'அந்த மதம் அப்படித்தான்' என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செனகலைக் காட்ட வேண்டும்: முஸ்லிம்கள் மிகப் பெரும்பான்மையாக உள்ள நாட்டை, 1960 முதல் 1980 வரை கத்தோலிக்கரான செங்கோர், சூஃபி தலைவர்களின் ஆதரவோடு ஆண்டார். மலாயாவைக் காட்ட வேண்டும்: 1957 அரசியல் சட்டத்தில் இஸ்லாமைக் கூட்டாட்சியின் மதமாக எழுதத் தொடக்கத்தில் தயங்கியவர்கள் சுல்தான்களே, தத்தம் மாநிலத்தில் மதத்துக்குத் தாங்களே தலைவர்கள் என்பது நீர்த்துவிடும் என்ற அச்சம். ஒரே மதம், நாட்டுக்கு நாடு வேறு அரசியல். ஆகவே மதத்தைக் காரணமாகச் சொல்லாதே, அதை எடுத்துக் கையாண்டவனைப் பார். பல ஆண்டுகளாக இதையே சொல்லிவருகிறேன். யாரோ ஒருவருடைய மதத்தின்மேல் பழி விழாமல் தடுக்கிறோம் என்ற நிறைவும் இருந்தது. அந்தப் பழியைத் தாங்க வேண்டியவர்களில் ஒருத்தியே எழுந்து, பழியோடு எங்களையும் சேர்த்து வெளியே வைத்துவிட்டீர்களே என்கிற மாதிரி கேட்பாள் என்று நான் நினைத்ததில்லை.

அவள் அந்த அர்த்தத்தில்தான் கேட்டாளா என்பதும் எனக்குத் தெரியாது. திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிறகு தேர்வு வந்தது. இந்தோனேசியா பற்றிய கேள்விக்கு அவள் எழுதியிருந்தது என் குறிப்பின் நகல். 1945 ஜூன் 22-இல், அரசியல் சட்ட முகவுரைக்கான வரைவாக ஜகார்த்தா சாசனம். அதில் இஸ்லாமியர்கள் ஷரீஅத்தைக் கடைப்பிடிக்கும் கடமையோடு என்று பொருள்படும் ஏழு சொற்கள். ஆகஸ்ட் 17-இல் விடுதலை அறிவிப்பு. மறுநாள் அந்த ஏழு சொற்களும் நீக்கம். கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் பிரிந்துபோகக்கூடும் என்று விடுதலை இயக்கத் தலைவர் ஹத்தா எடுத்துச் சொன்னார், தேச ஒற்றுமை கருதி கி பாகுஸ் ஹாதிகுசுமோ இணங்கினார். பத்துக்கு ஒன்பது போட்டேன். போட்டுவிட்டு அந்தத் தாளை அடுத்ததோடு சேர்க்க முடியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

'தேச ஒற்றுமை கருதி' என்பது என் சொல். கி பாகுஸ் முகம்மதியா அமைப்பின் தலைவர், மார்க்க அறிஞர், அந்தச் சொற்களைக் கைவிடக் கடைசி நேரம்வரை மறுத்துவந்தவர். அவருக்கு அது பேரம் பேச வைத்திருந்த துருப்புச்சீட்டு அல்ல, இறைவன் விதித்த கடமை. ஹத்தாவும் தொழுகை தவறாதவர்தான். அப்படியென்றால் அன்று அந்த அறையில் மதம் ஒரு பக்கம், அரசியல் மறுபக்கம் என்று நின்றிருக்க முடியாது. நம்பிக்கை கொண்ட ஒருவர் நம்பிக்கை கொண்ட இன்னொருவரிடம், இதை விட்டுக்கொடுப்பதும் மார்க்கத்தில் ஆகுமானதே என்று சொல்லியிருக்க வேண்டும். 'ஒரே இறைவன் மீதான நம்பிக்கை' என்று மாற்றுத் தொடர் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதும் அதனால்தான் இருக்கும்.

கி பாகுஸிடம் பேசி இணங்க வைத்தவர்களில் முக்கியமானவர் காஸ்மான் சிங்கோதிமெஜோ. இது அவசரத்துக்கு எழுதிய சட்டம், நிலைமை சீரானதும் முறையாகக் கூடி எழுதிக்கொள்ளலாம் என்பதே அவர் சொன்ன சமாதானம். கி பாகுஸ் 1954-இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபை கூடியது. அங்கே எழுந்து, அந்த வாக்குறுதியை இந்தச் சபையில் கேட்காமல் வேறெங்கே போய்க் கேட்பது என்று முறையிட்டவர் காஸ்மானேதான். சபையையும் 1959 ஜூலையில் அதிபர் சுகர்ணோ கலைத்துவிட்டார். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். பாடத்தில் வைத்ததில்லை, நேரம் போதாது என்று. ஆனால் எகிப்தின் பதவிக்காலத் திருத்தத்துக்கு எனக்கு எப்போதும் நேரம் இருந்திருக்கிறது.

மனதுக்குள் இருப்பது வரலாற்றுக்கு வராது என்றேனே, சியா நியாயம் தேடினார் என்பது எங்கே இருந்தது? அதுவும் மனதுக்குள்தானே. பூட்டோ சமாளித்தார், சுல்தான்கள் அஞ்சினார்கள். கணக்கு, பயம், பேராசை என்றால் ஆவணம் கேட்காமலே உள்ளே விட்டிருக்கிறேன். பக்தி வந்தால் மட்டும் வாசலில் நிறுத்திச் சான்று கேட்டிருக்கிறேன்.

இப்படி எழுதும்போதே எதிர்வாதமும் எழுகிறது. பக்தியை உள்ளே விட்டால் அதோடு யார் யார் வருவார்கள்? 1953-இல் லாகூரில் அகமதியாக்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. விசாரித்த நீதிபதி முனீர் தலைமையிலான ஆணையம், முஸ்லிம் என்பவர் யார் என்று உலமாக்களை, அதாவது மார்க்க அறிஞர்களை, கேட்டது. எந்த இருவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்று அறிக்கை பதிவுசெய்தது. வகுப்பில் இதை மதம் அரசுக்கு உதவாது என்பதற்குச் சாட்சியாக வைப்பேன். இப்போது படித்தால், ஒத்துப்போகாததும் நம்பிக்கையின் இயல்புதானே, அதை ஒற்றை வரியில் கேட்ட ஆணையத்தின் கேள்வியில்தான் ஏதோ குறை என்றும் படுகிறது. ஆனால் அந்தக் கலவரத்தில் செத்தவர்களைக் கொன்றவர்களும் நம்பித்தான் கொன்றார்கள் என்று ஒரு மாணவர் சொன்னால் என்ன சொல்வேன்? என் பழைய பதில் அங்கே எனக்குக் கைகொடுத்தது. அது தவறான பதில் என்று முழுமனதாகச் சொல்ல இன்னும் வரவில்லை.

அல்ஜீரியாவைப் பற்றி மட்டும் தயக்கமில்லாமல் சொல்ல முடிகிறது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நாட்டில் 1905-இல் மதத்தையும் அரசையும் பிரித்தார்கள். அல்ஜீரியாவில் பள்ளிவாசல்களைத் தங்கள் பிடியிலேயே வைத்துக்கொண்டு இமாம்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். 1931-இல் பென் பாதிஸ் தலைமையில் உருவான உலமா சங்கம் கேட்டது என்ன? எங்களுக்கும் அந்தப் பிரிவினையைக் கொடு, பள்ளிவாசலை விடு என்று. அரசிடமிருந்து மார்க்கத்தைக் காக்க, மார்க்கத்தில் ஊறியவர்கள் எழுப்பிய கோரிக்கை அது. 1962-இல் விடுதலை கிடைத்த பிறகு புதிய அரசும் பள்ளிவாசல்களைத் தன் கையில் வைத்துக்கொண்டது. மறு ஆண்டே இஸ்லாமை அரசு மதமாக்கியது. இந்தக் கதையை அன்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பாதிப் பதிலாவது இருந்திருக்கும். தொழுகிறவர்கள் இருந்தார்கள், கையாளப்பட்டவர்களாக மட்டும் அல்ல, அரசைப் பற்றித் தங்களுக்கென்று ஒரு கருத்து உள்ளவர்களாகவே இருந்தார்கள்.

அவளுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். என்னவென்று எழுதுவது? அன்று சொன்னது சரியில்லை என்றா, பாதி சரி என்றா? படிப்பை முடித்துப் போய்விட்ட ஒருத்தியிடம் ஒன்பது மதிப்பெண்ணைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதற்கு அதுதான் காரணமா என்பதிலும் எனக்கு உறுதியில்லை.

குறிப்பில் 'ஹத்தா எடுத்துச் சொன்னார், கி பாகுஸ் இணங்கினார்' என்ற வரியின் ஓரத்தில் 'எதை நம்பி இணங்கினார்?' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு வகுப்பில் அதையும் சேர்த்து வாசித்தேன். காஸ்மானைப் பற்றியும் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பையன், "என்ன எழுதிக்கணும் சார்?" என்றான். நேரமாகிவிட்டது. தேச ஒற்றுமை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.