மெதுவாகக் கோபப்படும் விளக்கு

அலுவலகச் சத்தம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் டெசிபலுக்குப் போய்விடுகிறார்கள். என் பிரச்சினை டெசிபல் இல்லை. தலைக்கு மேல் ஏசி நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கிறது, அதனால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் மூன்று மேசை தள்ளி ஒருவர் தணிந்த குரலில் வங்கிக்காரரிடம் வீட்டுக் கடன் தவணையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், என் கை கீபோர்டிலேயே நின்றுவிடுகிறது. அவருடைய வட்டி விகிதம், பாக்கித் தவணை, யார் ஜாமீன் கையெழுத்துப் போட மறுத்தார்கள் என்பது வரை எனக்கு இப்போது மனப்பாடம். சொந்தக் கடனைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது.

எங்களுடையது பொது அறை. சின்னச் சின்ன நிறுவனங்கள் சில சேர்ந்து வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். யாருக்கும் யாரும் மேலாளர் இல்லை. அதனால் 'கொஞ்சம் மெதுவா பேசுங்க' என்று சொல்லும் உரிமையும் யாருக்கும் இல்லை. சொன்னாலும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அந்த வேலையை ஒரு பெட்டியிடம் விட்டுவிடலாம் என்றுதான் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் கொடுத்த யோசனை ஒன்றுதான்: சத்தம் அதிகமானால் பஸ்ஸர் அடிக்க வை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரைச்சலுக்கு நடுவே மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். எத்தியேன் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே எழுதி வைத்தது இது. இன்றும் அவர் பெயரில்தான் 'லோம்பார்டு விளைவு' என்கிறார்கள். பஸ்ஸர் அலறினால் போனில் இருப்பவர் பேச்சை நிறுத்த மாட்டார், அதையும் தாண்டிக் கேட்கும்படி கத்துவார். அதைக் கேட்டுப் பஸ்ஸர் மறுபடி அலறும். அறையில் புதிதாக ஒரு சத்தக்காரரைக் குடிவைத்தது போலாகிவிடும்.

இன்னொரு நண்பர் ஜப்பானியக் கருவி ஒன்றின் வீடியோவை அனுப்பினார். குரிஹாரா, சுகாதா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் செய்தது. பேசுகிறவருடைய குரலையே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்து அவர் காதுக்குத் திருப்பி அனுப்பும். தன் குரலே பின்னால் துரத்திக்கொண்டு வந்தால் நாக்கு குழறிப் பேச்சு நின்றுவிடும். 2012-இல் இதற்கு இக் நோபல் பரிசுகூட, அதாவது முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு, கொடுத்தார்கள். அறிவியலாகப் பார்த்தால் அருமையான வேலை. ஆனால் பக்கத்து மேசைக்காரர் மீது அதைக் குறிவைத்துவிட்டு அடுத்த நாளும் அவருக்கு வணக்கம் சொல்ல வேண்டியவனுக்கு அது சரிப்படாது.

ஆக, பெட்டி வாய் திறக்கக் கூடாது. ஒருவரைச் சுட்டவும் கூடாது. விளக்கு மட்டும்தான்.

அப்புறம் அது எதை அளக்க வேண்டும் என்ற கேள்வி. உண்மையான வேலை இங்கேதான் இருந்தது. கோல், வெல்ஷ் என்ற இருவர் 1976-இல் ஒரு சோதனை செய்தார்கள். எழுத்து வரிசைகளை நினைவில் வைத்துத் திருப்பி எழுத வேண்டும். பின்னணியில் ஜெர்மன் மொழியில் யாரோ வாசித்துக்கொண்டிருப்பார்கள். கேட்டவர்களுக்கு ஜெர்மன் புரியாது. இருந்தும் தப்பு கூடியது. பின்னால் வந்தவர்கள் ஒலியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். சாதாரணப் பேச்சு அளவுகளில் அது பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. இடைஞ்சல் செய்வது ஒலியின் அளவைவிட, அது மாறிக்கொண்டே இருப்பது. ஏசியின் உறுமல் ஒரே சீராக இருப்பதால் மூளை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பேச்சு அப்படி விடாது, அசைக்கு அசை ஏறி இறங்கும்.

இது தெரிந்த பிறகு கடைகளில் கிடைக்கும் சத்தமானி எதுவும் எனக்கு உதவாது என்று புரிந்தது. அதன் கண்ணில் ஏசியும் கடன் தவணையும் ஒன்றுதான். எனக்கு வேண்டியது ஏற்ற இறக்கத்தை அளக்கும் மானி.

நல்லவேளை, அது கஷ்டமில்லை. மனிதப் பேச்சில் நொடிக்குச் சுமார் நான்கு அசை வரும். ஒலியை 50 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டினால் ஓர் அசைக்கு ஐந்து துண்டு. ஒவ்வொரு துண்டிலும் அலையின் உச்சிக்கும் அடிக்கும் உள்ள தூரத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு நொடியில் இருபது எண்கள் சேரும். அவற்றை வரிசைப்படுத்தி, மேலிருந்து மூன்றாவதைக் கீழிருந்து மூன்றாவதால் வகுக்கிறேன். ஏசி மட்டும் ஓடும்போது விடை ஒன்றைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். யாராவது பேசினால் ஜிவ்வென்று ஏறும். மேலே இரண்டை ஏன் தள்ளுகிறேன் என்றால், கதவு படாரென்று சாத்தினால் அது ஒன்றிரண்டு துண்டோடு முடிந்துவிடும். கதவுக்காக யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டாமே.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவர் தனியாகப் பேசினால் விடை அதிகம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் குறைகிறது, ஏனென்றால் ஒருவருடைய இடைவெளியை இன்னொருவரின் அசை நிரப்பிவிடுகிறது. கருவியில் கோளாறு இல்லை, காதுக்கும் அப்படித்தான். கூட்டமாக எழும் சளசளப்பு அவ்வளவு தொந்தரவு செய்யாது. அமைதியான அறையில் தெளிவாக விழும் ஒற்றைக் குரல்தான் ஆளைக் கொல்லும்.

உள்ளே இருப்பது ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகை, ஒரு மைக், பன்னிரண்டு எல்இடி உள்ள ஒரு வளையம். மைக்குக்கு மேக்ஸ் 4466 ஆம்ப்ளிஃபயர் உள்ள சின்னப் பலகையைத்தான் தேடி எடுத்தேன். மேக்ஸ் 9814 போட்ட பலகையும் உண்டு, ஆனால் அதில் தானியங்கி கெயின் இருக்கிறது, அதாவது ஒலியை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை அதுவே மாற்றிக்கொண்டிருக்கும். மெல்லிய சத்தத்தைத் தூக்கிவிடும், பெரிய சத்தத்தை அமுக்கிவிடும். குரல் பதிவுக்கு அது வரம். ஏற்ற இறக்கத்தை அளக்க வந்தவனுக்கு அளக்க வேண்டியதையே அழித்துவிட்டுக் கொடுக்கும். 4466-இன் பின்பக்கம் சின்னத் திருகு ஒன்று இருக்கிறது. கெயினை அதில் நாமே வைத்துக்கொள்ளலாம், வைத்த இடத்தில் நிற்கும்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது விளக்கு. இந்த வகை எல்இடி ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், பன்னிரண்டுக்கு 720. சாதாரண யுஎஸ்பி போர்ட் கொடுப்பது 500. இது பெரிய விஷயமில்லை, வெளிச்சத்தைக் குறைத்தால் சரி. ஆனால் குறைந்த வெளிச்சம் என்றால் எல்இடி உள்ளுக்குள் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைந்து அணைந்து எரிகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் மின்சார இழுவை குதிக்கிறது. அந்தக் குதிப்பு சப்ளை வழியாக மைக்கின் ஆம்ப்ளிஃபயருக்குள் போய், சத்தமே இல்லாத அறையில் சத்தமாகப் பதிவாகிறது. விளக்கு எரிகிறது, அதை மைக் 'கேட்கிறது', சத்தம் என்று நினைத்து இன்னொரு விளக்கை ஏற்றுகிறது. ஆளே இல்லாத அறையில் தானாகவே கோபித்துக்கொள்ளும் பெட்டி!

மைக்கை 5 வோல்ட்டிலிருந்து பிரித்து 3.3 வோல்ட் பின்னுக்கு மாற்றினேன். அது பலகையிலேயே தனி ரெகுலேட்டர் வழியாக வருவதால் சுத்தமாக இருக்கிறது. அதையே அளவீட்டுக்கான ரெஃபரன்ஸாகவும், அதாவது ஒப்பிட்டு அளக்கும் அளவுகோலாகவும், கொடுத்தேன். எல்இடி வளையத்தின் காலடியில் மின்சாரக் குதிப்பைத் தாங்கிக்கொள்ள 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, வளையத்தின் தரை வயரைத் தனியாகவே பவர் நுழையும் இடம் வரை கொண்டுபோனேன். அதன் பிறகு அமைதியான அறையில் அளவு, 0 முதல் 1023 வரையிலான எண்களில் நடு எண்ணான 512-ஐ ஒட்டியே நின்றது. சர்க்யூட் செய்கிறவர்களுக்கு இந்த நிம்மதி தெரியும்.

அடுத்தது நிதானம். ஒரு சிரிப்புக்கு, ஒரு தும்மலுக்கு விளக்கு எரிந்தால் அது வாத்தியார் கைப் பிரம்பு. அதனால் விளக்கு காட்டுவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சராசரியை. ஒவ்வொரு நொடியும் வரும் விடை அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ, அதில் முப்பத்திரண்டில் ஒரு பங்கை மட்டும் அதனுடன் சேர்க்கிறேன். அரை நிமிடம் விடாமல் பேசினால்தான் வளையம் பாதிக்கு மேல் நிரம்பும். இறங்கும்போது மட்டும் எட்டில் ஒரு பங்கு. கோபம் மெதுவாக வரட்டும், சீக்கிரம் போகட்டும். நிரலில் முழு எண்களே போதும். சராசரியை மட்டும் 32-ஆல் பெருக்கி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சின்ன வித்தியாசங்கள் வகுத்தலில் பூஜ்யமாகி, விளக்கு பாதி வழியில் உறைந்துவிடும்.

சிவப்பு, பச்சை வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டேன். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் நிறைய இருக்கிறார்கள். தவிர, சிவப்பு என்றாலே அதட்டல். ஒரே மஞ்சள் நிறம், எத்தனை எரிகிறது என்பதுதான் செய்தி.

எங்கே மாட்டுவது என்பதிலும் அரசியல் இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர் திருப்பி அடிப்பதால் அவ்வளவு குறையாது, ஆனால் குறையும். யார் மேசையில் வைத்தாலும் அவர்தான் எப்போதும் குற்றவாளி. அதனால் அறையின் நடுவே, உத்தரத்திலிருந்து தொங்குகிறது.

மாட்டிய அன்றே கேள்வி வந்தது: "இது நாங்க பேசுறத ரெக்கார்ட் பண்ணுதா?" நியாயமான கேள்விதான், வாய்வார்த்தையால் சமாதானம் ஆகாது. ஊனோவின் வேலை நினைவகம் (ரேம்) மொத்தமே 2048 பைட் என்று காட்டினேன். அது நொடிக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் தடவை ஒலியை அளக்கிறது. அளவுக்கு ஒரு பைட் என்று வைத்து மொத்தத்தையும் அதற்கே கொடுத்தாலும், கால் நொடிப் பேச்சுகூட உள்ளே தங்காது. 'ஹலோ'வில் 'ஹ' மட்டும் மிஞ்சலாம். வைஃபை உள்ள பலகையை வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று தினமும் ஒரு அறிக்கை வருமா என்றுகூட ஒருவர் ஆசையோடு கேட்டார். வராது என்றேன்.

முதல் சில நாள் அது விளையாட்டுப் பொருளாக இருந்தது. கீழே நின்று 'ஓ' என்று கத்திப் பார்த்தார்கள். ஒரே சீரான 'ஓ' ஏசி மாதிரிதான், வளையம் அசையவில்லை. ஏற்ற வேண்டுமென்றால் அரை நிமிடம் விடாமல் பேச வேண்டும். அதற்குள் அவர்களுக்கே வெட்கமாகிவிட்டது.

கடன் தவணைக்காரர் ஒருநாள் போனைக் கையால் பொத்திக்கொண்டு மேலே பார்த்தார். "என்ன தம்பி, இது என்னைத்தான் பார்க்குதா?"

"உங்கள இல்ல சார், ரூமைப் பார்க்குது."

வளையத்தில் எட்டு எரிந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து, பேசிக்கொண்டே நடைபாதைக்குப் போனார். வட்டி விகிதம் குறைந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லப்போனால் கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருக்கிறது.

பெட்டியால் ஆகாத காரியங்களும் உண்டு. திறந்த அலுவலகங்களின் ஒலியை அளக்க ஐஎஸ்ஓ 3382-3 என்று ஒரு தரநிலை இருக்கிறது. பேச்சு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை 0 முதல் 1 வரை காட்டும் குறியீடு 0.50-க்குக் கீழே இறங்குவதற்குப் பேசுகிறவரிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போக வேண்டும் என்று அது கேட்கிறது. அந்தத் தூரத்தைக் குறைக்க எந்த விளக்காலும் முடியாது. ஒலியை உறிஞ்சும் கூரைப் பலகையும் நடுவே உயரமான தடுப்பும் வேண்டும், அதற்கு வாடகைப் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறது. அந்தப் பேச்சுவார்த்தையின்போதுதான் வளையம் முதன்முறையாகப் பன்னிரண்டும் எரிந்தது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இன்னும் ஒன்று: கெயின் திருகின் மேல் ஒரு சொட்டுப் பசை வைத்துவிடுங்கள். யாரோ ஒரு புண்ணியவான் நாற்காலி போட்டு ஏறி, அதைக் கடைசி வரை இடப்பக்கம் திருகி வைத்திருந்தார். யாரென்று நான் விசாரிக்கவில்லை. நாற்காலி யாருடையது என்பது மட்டும் தெரியும்.