சாரலில் மேளம், சுடச்சுடப் பரோட்டா: விழாக் காலத்துக் குற்றாலம்

மழை வந்தால் விழா கெட்டுவிடும் என்று எல்லா ஊரிலும் பயப்படுவார்கள். குற்றாலத்தில் பயம் வேறு மாதிரி, மழை வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான். ஜூலை, ஆகஸ்டில் அங்கே நடக்கும் சாரல் திருவிழாவுக்கு நான் போனதே நனைவதற்குத்தான். நனைந்தபடி மேளம் கேட்கணும், ஈரக் கையோடு சூடாக எதையாவது வாங்கிச் சாப்பிடணும், காலையில் அருவி, மாலையில் ஆட்டம். இதற்கு மேல் ஒரு விடுமுறையில் என்ன வேண்டும்!

முதலில் அந்தச் சாரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சென்னையில் நாம் பார்க்கிற மழை கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பங்கைக் கேரளப் பக்கத்து மலைச்சரிவுகளே வாங்கிக்கொள்கின்றன. மலைத்தொடர் கொஞ்சம் தாழ்ந்திருக்கும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக, மிச்சமிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு காற்று செங்கோட்டை, தென்காசிப் பக்கம் இறங்குகிறது. அந்த மிச்சம்தான் சாரல். கொஞ்ச நேரம் பொடிசாகத் தூவும், வெயில் எட்டிப் பார்க்கும், வெயில் அடிக்கும்போதே மறுபடியும் தூவும், சட்டை முழுசாக நனைவதற்குள் காற்றே அதைக் காயவைத்துவிடும். அதே நேரத்தில் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் கிழக்கே திருநெல்வேலியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும்போதும் அருவிகள் பொங்கும்தான், ஆனால் அது அடைமழை, அதில் வெட்டவெளியில் நின்று பாட்டுக் கேட்க முடியாது. ஆடி மாதச் சாரலில் மணிக்கணக்காக நிற்கலாம்.

எழும்பூரில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் தென்காசி. கடையநல்லூர் தாண்டும்போது ஜன்னல் கம்பியெல்லாம் ஈரம், மேற்கே மலையைக் காணவில்லை, மேகம் மூடியிருந்தது. என் பெட்டியில் இருந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்ததும் கைதட்டியது, சின்னப் பிள்ளைகள் கம்பி வழியாகக் கையை நீட்டினார்கள். ஸ்டேஷனிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான், பஸ் வந்துகொண்டே இருக்கிறது. பையை வைத்துவிட்டு நேரே பேரருவிக்குப் போய்க் குளித்து, பக்கத்திலேயே இருக்கும் குற்றாலநாதர் கோயிலையும், நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையையும் பார்த்துவிட்டு வந்தேன். சித்திர சபையில் சுவர் முழுக்க ஓவியம். அதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஒதுக்கணும், இங்கே இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற இடம் இல்லை அது.

விழாவில் பகலில் நடப்பது கலவையாக இருக்கும். கோலப்போட்டி, கொழுகொழு குழந்தைப் போட்டி, நாய்க் கண்காட்சி, ஐந்தருவிப் பக்கம் பூங்காவில் மலர்க் கண்காட்சி என்று வருஷத்துக்கு வருஷம் சேர்த்தும் குறைத்தும் வைப்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது நல்லது. நான் போனது மாலைக்காக. கலைவாணர் அரங்கத்தில் மேடை, நாற்காலி, விளக்கு எல்லாம் தயாராக இருந்தது, கூட்டமும் அங்கேதான். ஆனால் எனக்குப் பிடித்த இடம் அரங்கத்துக்கு வெளியே, ஒரு தகரக் கொட்டகை ஓரம். கிராமியக் கலைஞர்கள் தங்கள் முறைக்காக அங்கே காத்திருந்தார்கள்.

கணியான் கூத்துக் குழு ஒன்று. இந்தக் கூத்து தென்காசி, நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக் கலை. சுடலைமாடன் கோயில் கொடைகளில், அதாவது ஊர்க்கோயில் திருவிழாக்களில், அண்ணாவி என்கிற தலைமைப் பாடகர் நின்று கதையைப் பாட, பெண் வேடம் கட்டிய ஆண்கள் ஆட, பின்னால் இரண்டு மகுடம் அடிப்பார்கள். மகுடம் என்பது பறை மாதிரி வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய கருவி, ஒன்று உச்ச ஒலி, இன்னொன்று மந்த ஒலி. சாரல் காற்று பட்டால் தோல் தளர்ந்துவிடும். அதனால் ஒருவர் கொட்டகைக்குள் காய்ந்த தென்னோலையைக் குவித்துத் தீ மூட்டியிருந்தார். மகுடத்தின் முகத்தைத் தீக்கு நேரே பிடித்து, ஒரே இடத்தில் சூடு ஏறிவிடாமல் மெதுவாகச் சுழற்றுகிறார். விரலால் ஒரு தட்டு. 'தொப்' என்கிறது. மறுபடியும் தீ, மறுபடியும் சுழற்று, மறுபடியும் தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசியில் 'கிண்' என்று ஒன்று கேட்டது பாருங்கள், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"எவ்வளவு நேரம் நிக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இந்தக் காத்துல எங்கய்யா நிக்கும்? தோலு பச்சப்புள்ள மாதிரி, கொஞ்சம் நனஞ்சாலும் சுணங்கிரும். ஒரு பாட்டு அடிச்சா மறுக்கா காய்ச்சணும்."

சொல்லிக்கொண்டே அடுத்த மகுடத்தை எடுத்துவிட்டார். பக்கத்தில் நையாண்டி மேளக்காரர்களுக்கும் இதே வேலைதான், தவிலுக்குத் துணி போர்த்தி மடியில் வைத்திருந்தார்கள். நாதஸ்வரக்காரருக்கு மட்டும் இந்தப் பாடு இல்லை, வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை எப்படியும் எச்சிலில் ஊறவைத்துத்தானே ஊதணும். மழைக்காலக் கச்சேரியில் இதையெல்லாம் கவனித்துவிட்டுக் கேட்டால், நமக்குக் காதில் விழுகிற ஒவ்வொரு அடியிலும் அந்தத் தீயின் சூடு இருப்பது தெரியும். மேடையில் ஏறியபின் மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது கிடைக்காது. கொஞ்சம் சீக்கிரமே போய், கலைஞர்கள் தயாராகிற இடத்தில் ஓரமாக, அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நின்று பாருங்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருகிறார்கள்.

கணியான் கூத்துக்காரர்கள் வெளியிலேயே, ரோட்டோரத் திடலில் ஆடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சாரல் பெருந்தூறலாக வலுத்தது. ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து ஆம்ப்ளிஃபையரின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடி, மைக்கை அணைத்தார். ஆட்டம் நிற்கும் என்று நினைத்தேன். அண்ணாவி இரண்டடி முன்னால் வந்து குரலை உயர்த்தினார், அவ்வளவுதான். சிதறி நின்ற கூட்டம் தானாகவே நெருங்கி வட்டமாகிவிட்டது, முன்னால் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள், குடை வைத்திருந்தவர்கள் பின்னால் போனார்கள். மைக் இல்லாமல் கேட்டபோதுதான் இரண்டு மகுடமும் தனித்தனியாகக் கேட்டது, மந்தம் கீழே நடந்துகொண்டிருக்க உச்சம் அதன் மேல் ஏறி ஏறிப் பேசுகிறது. ஸ்பீக்கரில் இரண்டும் ஒரே இரைச்சலாகத்தான் வந்துகொண்டிருந்தது. வெளியில் நடக்கும் கிராமியக் கலைக்கு மைக்கே வேண்டாம் என்பது என் கட்சி. அன்றைக்கு மழைதான் அதை எனக்காகச் செய்துகொடுத்தது.

நனைந்து முடித்ததும் பசி எடுக்கும், சாதாரணப் பசி இல்லை. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியெல்லாம் நேந்திரம் சிப்ஸ் போடுகிறார்கள். பெரிய இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய், அதற்கு மேலேயே பலகையைப் பிடித்துக் காயை நேராக எண்ணெய்க்குள் சீவுகிறார் ஒருவர். வில்லைகள் பாதி வெந்ததும் மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி அப்படியே கொதிக்கிற எண்ணெயில் ஊற்றுவார். சடசடவென்று பொரிகிற சத்தம், நுரை விளிம்பு வரைக்கும் ஏறும், அடங்கும்போது உப்பு உள்ளே போயிருக்கும். அந்தச் சட்டிக்கு முன்னால் சாரலில் நின்றால் முன்பக்கம் அனல், முதுகில் குளிர். தாளில் மடித்துத் தருவதை அங்கேயே நின்று தின்றுவிடணும், அறைக்குக் கொண்டுபோனால் இந்தக் காற்றில் நமத்துவிடும். அப்புறம் மிளகாய் பஜ்ஜி, சுக்குக் காபி, அவித்த கடலை. பழக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் இந்த மாதங்களில்தான் குவிந்திருக்கும். மங்குஸ்தானை வாங்கும்போது லேசாக அழுத்திப் பாருங்கள், தோல் கல் மாதிரி இருந்தால் உள்ளே காய்ந்துபோயிருக்கும். குரங்குகள் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பழத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

ராத்திரிச் சாப்பாடு பார்டரில். செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேரும் வரை எல்லை பிரானூர்ப் பக்கம் இருந்தது. எல்லை மலையடிவாரத்துப் புளியரைக்குப் போய் இத்தனை வருஷம் ஆகியும் பிரானூர்ப் பரோட்டாக் கடைகளை எல்லோரும் பார்டர் என்றுதான் சொல்கிறார்கள். பரோட்டா சின்னதாக, ஓரம் மொறுமொறுப்பாக, வாழை இலையில் வரும். பிய்த்துப் போட்டு அதன் மேல் சால்னாவை ஊற்றி ஊறவைத்தால் நான்கைந்து எங்கே போனதென்று தெரியாது. கூடவே நாட்டுக்கோழி வறுவல், மிளகும் கறிவேப்பிலையும் தூக்கலாக. வெளியே தகரக் கூரையில் மழை, உள்ளே கல்லில் பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் ஓங்கித் தட்டுகிற சத்தம். சனி, ஞாயிறு என்றால் இலைக்குக் காத்திருக்கணும், பரவாயில்லை, காத்திருங்கள்.

கணியான் கூத்து அண்ணாச்சி கிளம்பும்போது ஒன்று சொல்லியிருந்தார். "இங்க கொஞ்ச நேரந்தான் தம்பி. முழுசாக் கேக்கணும்னா கொடைக்கு வாங்க." ஆடி மாதத்தில் சுற்றுவட்டாரத்து அம்மன் கோயில்களில் கொடை நடக்கும். அவர் சொன்ன கிராமத்துக்கு மறுநாள் ராத்திரி போனேன். தென்னோலைப் பந்தல், அதன் கீழே வில்லுப்பாட்டு. நீண்ட வில்லின் மேல் மணிகள் தொங்க, வீசுகோலால் அதை அடித்து அடித்து ஓர் அம்மா கதை சொல்கிறார். பக்கத்தில் குடம் அடிப்பவர், உடுக்கை, ஜால்ரா. ஒவ்வொரு வரியின் முடிவையும் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். ஓலை இடுக்கில் தண்ணீர் சொட்டுகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "எந்த ஊருய்யா? ஈரத்துல இருக்காத, இந்தா சாக்கு" என்று தன் சாக்கில் பாதியை விரித்துவிட்டார். நடுச்சாமத்துக்கு மேல் எல்லோருக்கும் சோறு, சாம்பார், கூட்டு. வெளியே பெட்ரோமாக்ஸ் மாதிரி எரிகிற எல்இடி பல்புக்குக் கீழே கருப்பட்டி மிட்டாயும் சீனி மிட்டாயும் சுற்றுகிற கடை. சூடாக இருக்கும்போது கருப்பட்டி மிட்டாயைக் கடித்தால் பாகு விரலில் வழிகிறது. குற்றாலத்துக்கு வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் இந்தக் கொடைகளுக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தங்கியிருக்கும் இடத்திலோ டீக்கடையிலோ கேளுங்கள், எந்த ஊரில் கொடை என்று சொல்லிவிடுவார்கள். சாமி காரியம் என்பதால் படம் எடுப்பதற்கு முன்னால் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். குடையை நம்பாதீர்கள், அந்தக் காற்று அதைத் திருப்பிவிடும், தவிர பின்னால் இருப்பவர்களுக்கு மேடை மறையும். தலைக்குத் துண்டு, மெல்லிய மழைக்கோட்டு, ரப்பர் செருப்பு, போனுக்கு ஒரு பாலிதீன் உறை, உட்கார ஒரு பழைய ஷீட், இது போதும். ஜீன்ஸ் காயவே காயாது, வேட்டியோ லுங்கியோ எடுத்துக்கொள்ளுங்கள். விழா இடத்தில் தரையில் ஓடும் மின்வயர்கள், ஜெனரேட்டர் பக்கம் ஈரக் காலோடு போகவேண்டாம், குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே வேண்டாம்.

அருவி விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்கணும். நாம் நிற்கும் இடத்தில் வெறும் தூறல்தான் இருக்கும், மேலே மலைக்குள் என்ன பெய்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் குளிக்கத் தடை போடுவார்கள். போலீஸ்காரர் விசில் அடித்தால் "இன்னும் ஒரே நிமிஷம் சார்" என்று கெஞ்சாமல் வெளியே வந்துவிடுங்கள். சில நாள் தடை நாள் முழுக்க நீடிக்கும். அப்படி ஒரு நாள் அமைந்தால் கவலைப்படாதீர்கள், அன்றைக்கு ஐந்தருவி சாலையில் நடந்து போங்கள், வெண்ணமடைக் குளத்தின் மேல் மேகம் இறங்குவதைப் பாருங்கள், மாலையில் வெளித்திடலில் முதல் வரிசையில் இடம் பிடியுங்கள்.

விழாத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிறகே டிக்கெட் போடுங்கள். சீசனில் அறை வாடகை சனி, ஞாயிறுகளில் எக்கச்சக்கமாக ஏறிவிடும், செவ்வாய், புதன் என்று போனால் அறையும் கிடைக்கும், அருவியில் வரிசையும் குறையும். குற்றாலத்தில் இடம் இல்லாவிட்டால் தென்காசியிலோ செங்கோட்டையிலோ தங்கலாம், பெரிய தூரம் கிடையாது. திரும்பும்போது பொதிகையில் செங்கோட்டையிலேயே ஏறுவது நல்லது, மாலையில் கிளம்புகிறது, பிரானூர் பக்கத்திலேயே இருப்பதால் ராத்திரிக்குப் பரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கிக்கொண்டு ஏறலாம். சால்னாவை மட்டும் இரண்டு கவர் போட்டுக் கட்டித் தரச் சொல்லுங்கள்.